மலைபடுகடாத்தில் வழிக்குறிகள்

ஆற்றுப்படை என்னும் சொல்லில் முன்னிற்பது ஆறு. ஆறாவது வழி. வழிப்படுத்துதலே அப்பாட்டின் தொழில் என்பது பெயரானே விளங்கும். கூத்தரும் பாணரும் பொருநரும் விறலியரும் வழியிடைத் தம்மினத்தாரைக் கண்டு, தாம் பெற்ற வளத்தை அவரும் பெறுமாறு அறிவுறுத்துவதே இத்துறை என்று தொல்காப்பியப் புறத்திணையியல் இலக்கணம் வகுக்கின்றது. ஆயினும், ஆற்றுப்படை நூல்களை ஆராய்ந்தோருள் பலர் புரவலனது புகழையும் கொடையையுமே பொருளாகக் கொண்டு, வழியை அப்பொருளுக்கு அமைந்த அணியாகக் கருதிச் செல்வர். வழியிடை வரும் காட்சிகளை இயற்கை வருணனை என்னும் தலைப்பின்கீழ்த் தொகுத்துவிடுவர். வழியை வழியாகவே கொண்டு ஆராய்தல் அரிது.

மலைபடுகடாத்தைப் பொறுத்தவரை இப்போக்குப் பொருந்தாது. அறியாத நிலத்திற் புகும் புதியோர்க்கு வழிகாட்டும் கலையை நுணுகி உணர்ந்து செய்யப்பட்ட நூல் அது என்பது இக்கட்டுரையின் துணிபு. பொது இடங்களில் வழிகாட்டுக் குறிகளை அமைக்கும் தொழில் இக்காலத்தில் ஒரு தனிக்கலையாக வளர்ந்துள்ளது. அக்கலையார் எழுப்பும் வினாக்களை உடன்வைத்து நோக்கினால், இந்நூலின் சில பகுதிகள் புதிய தெளிவு பெறும். நம் முன்னோர் இக்காலக் கலை முழுவதையும் அன்றே அறிந்திருந்தனர் என்று நாட்டுதல் ஈண்டுக் கருத்தன்று. ஒரே இடர்ப்பாட்டை இரு காலத்தாரும் எங்ஙனம் எதிர்கொண்டனர் என்று ஒப்பிடுதலே நோக்கம்.

1. நூலின் முறைவைப்பு

மலைபடுகடாம் 583 அடிகளால் ஆயது. இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் நன்னன் சேய் நன்னனைப் பாடியது. செங்கண்மா என்னும் அவன் ஊர் திருவண்ணாமலைப் பகுதியில் உள்ள இன்றைய செங்கம் என்பர். பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் கூத்தர் தலைவனுக்குக் கூறும் கூற்றாக நூல் அமைந்துள்ளது.

அவன் தான் கூறப்போவனவற்றைத் தொடக்கத்திலேயே வரிசைப்படுத்துகின்றான். அவ்வரிசையில் முதற்கண் நிற்பன வழியின் அளவும், இடையே தங்குதற்குரிய நல்ல இடங்களும் ஆகும். பின்னரே நாட்டின் உணவும், மலையும் காடும், புரவலனது கொடையும் நாளோலக்கமும் எண்ணப்படுகின்றன. எனவே, வழியை முதன்மையாக வைத்தவர் புலவரே ஆவர். அவ்வரிசையை மறந்து நூலைப் புகழ்ப்பாட்டாக மட்டும் படிப்பது, நூலின் முகப்பில் எழுதப்பட்ட பொருளடக்கத்தைப் பாராது உட்புகுவதை ஒக்கும்.

கூறுவோன் அவ்வழியில் நடந்து வந்தவன் என்பதும் நோக்கற்பாலது. அவன் கூற்று நிலத்தின் அமைப்பை மேலிருந்து நோக்கி விரிப்பதன்று. நடப்போன் கால் எவ்வரிசையில் நிலத்தைத் தொடுமோ, அவ்வரிசையிலேயே செய்தி வருகின்றது. எச்செய்தி எவ்விடத்தில் வேண்டப்படுமோ அவ்விடத்தில் அது கூறப்படுகின்றது. பன்றிக்கு வைத்த பொறிகள் கிடக்கும் வழியைச் சொல்லுமிடத்தே, இருளிற் செல்லாது விடியுமளவும் தங்கிச் செல்க என்னும் அறிவுரை வருகின்றது. புனங்காப்போர் யானையை ஓட்டக் கவண்கல் எறியும் இடத்தே, மரங்களில் மறைந்து செல்க என்பது வருகின்றது. இரவு வந்தபோது குகையில் சொந்த வீட்டிற் புகுவார்போலப் புகுந்து தங்குக என்பது வருகின்றது. இடர், அதன் காரணம், செய்ய வேண்டுவது என்னும் மூன்றும் ஓரிடத்தே இயைந்து நிற்றல் இந்நூலின் சிறப்பு.

வழி தவறினால் செய்ய வேண்டுவதும் கூறப்படுகின்றது. அகன்ற காட்டில் நெறி மயங்குவீராயின் நும் இசைக்கருவிகளை ஒலிப்பிக்க. காட்டில் வாழ்வார் அவ்வொலி கேட்டு வந்து உதவுவர் என்கின்றான் கூத்தன். கேட்போர் கூத்தர், அவர் கையில் உள்ளன இயங்கள். அவர்க்கு எளிதில் இயல்வது எதுவோ அதுவே அறிவுரையாகின்றது. கேட்போன் யார் என்று அறிந்து கூறுதல் வழிகாட்டுதலின் முதல் இலக்கணம். ஊர் அண்மையில் வந்தபோது, அவன் மூதூர் மிகத் தொலைவில் இல்லை என்று ஆறுதல் கூறவும் அவன் மறந்திலன்.

2. கல்லும் புல்லும் எழுத்தும்

நூலின் 380 முதல் 400 வரையுள்ள அடிகளில் அமைந்த ஒரு சிறு பகுதி தனியே ஆராயத் தக்கது. வழிக்குறி பற்றிய பழந்தமிழ்ச் சான்றுகளுள் இதனினும் தெளிவானது பிறிதொன்று உண்டோ என்பது ஐயமே. அங்கு மூன்று பொருள்கள் அடுத்தடுத்துக் கூறப்படுகின்றன.

முதலாவது நடுகல். பகைவர் ஆரவாரத்திற்கு நாணி உயிர் கொடுத்த மறவரது பெயரோடு நட்ட கற்கள் நிற்கும் கவர்த்த வழிகள் எண்ணில் மிகப் பல என்றும், அவ்விடத்து மரபுப்படி இசை எழுப்பி விரைந்து செல்க என்றும் கூத்தன் கூறுகின்றான். பெயர் பொறித்த நடுகற்கள் வெறுங்கற்பனை அல்ல என்பதற்குத் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006 இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்கள் சான்றாகும்.

இரண்டாவது புல்முடி. முன்பு அறியாத நிலத்திற் செல்லும் புதியவராதலின், வழிகள் கூடும் இடத்தைத் துடைத்துப் புல்லை முடிந்து வைத்துச் செல்க என்கின்றான். இது பின்வருவோர்க்கு அடையாளம் எனவும், தாமே மீளுங்கால் உதவுவது எனவும் கொள்ள இடனுண்டு. கூத்தர் சுற்றம் பெரிது. முன்னும் பின்னுமாக நீண்டு நடப்பது. ஆதலின் முன்னைய பொருளே சிறக்கும்.

மூன்றாவது எழுத்துடைக் கல். செல்லும் தேயத்தின் பெயரையும் திசையையும் வழிப்போக்கர் அறிதற்பொருட்டுச் செதுக்கி எழுதிய கல், கடவுள் உறையும் மராமரத்தின் அடியில், கவர்த்த வழியிடத்தே உள்ளது என்பது செய்தி. ஊர்ப்பெயரும் திசையும் என்னும் இரண்டும், அவற்றை அறியும் பயனும், நிறுத்திய இடமும் சில சொற்களுள் அடங்கியுள்ளன. இன்று சாலை பிரியும் இடத்தில் நிற்கும் பலகைக்கு இதனினும் செப்பமான இலக்கணம் கூறல் அரிது.

இம்மூன்றும் இவ்வரிசையில் அமைந்தது தற்செயல் அன்று. நடுகல்லும் எழுத்துடைக் கல்லும் கல்லே. இரண்டிலும் பெயர் உண்டு. இரண்டும் கவர்த்த வழியிலேயே நிற்கின்றன. ஆயினும் ஒன்று இறந்தாரை நினைவூட்டுவது. மற்றொன்று நடப்பாரைச் செலுத்துவது. புதியோன் கண்ணுக்கு அவை ஒன்றாகத் தோன்றுதல் கூடும். வழிபடுதற்குரிய கல்லை வழி கூறும் கல்லாகக் கொண்டு மயங்குதல் எளிது. ஆதலின், நடுகல் உள்ள இடத்தே வழிபட்டு விரைக என்றும், எழுத்துடைக் கல் திசை அறிதற்குரியது என்றும் கூத்தன் வேறுபடுத்தி உரைக்கின்றான். இடையே வரும் புல்முடியோ, கல் இல்லாத சந்தியிற் புதியோன் தானே செய்துகொள்ளும் குறி. நினைவுக்குறி, தற்காலிகக் குறி, நிலைத்த குறி என்னும் பகுப்பு இங்குப் பெயரின்றியே அமைந்துள்ளது. இப்பகுதியை வீரவணக்கச் சான்றாக மட்டும் எடுத்தாள்வோர் இப்பகுப்பைக் காணத் தவறுவர்.

3. விளிம்பும் படிமமும்

1960 இல் கெவின் லிஞ்சு என்னும் அமெரிக்க நகரமைப்பு அறிஞர் பாசுட்டன், செர்சி நகரம், லாசு ஏஞ்சலிசு ஆகிய மூன்று நகரங்களை ஆராய்ந்து நூல் ஒன்று வெளியிட்டார். மக்கள் நகரை மனத்திற் பதித்துக்கொள்ள உதவும் கூறுகள் வழி, விளிம்பு, வட்டாரம், சந்தி, அடையாளம் என ஐந்து என்று அவர் வகுத்தார். இவற்றுள் விளிம்பு என்பது நீர்க்கரைபோல் நெடுகத் தொடர்ந்து செல்வோனுக்குத் துணைநிற்பது. மலைபடுகடாத்தின் இறுதிப் பகுதியில், சேயாற்றின் ஒரு கரையையே பற்றிச் செல்க என்று கூத்தன் கூறுவது இவ்வகையினது. பல சொல்லி மயக்காது ஒன்றைப் பற்றச் செய்தல் அதன் பயன்.

சிலப்பதிகாரக் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் கோவலனுக்கு மதுரை வழி கூறுமிடம் ஒப்புநோக்கத் தக்கது. கொடும்பாளூர் நெடுங்குளத்துக் கரையை அடைந்தால் வழி சிவபெருமானது சூலம்போல மூன்றாகப் பிரியும் என்று அவன் முதலிற் கூறுகின்றான். பின்னரே வலம், இடம், இடை என மூன்றையும் தனித்தனியே விரிக்கின்றான். வலப்புற வழியில் சிறுமலையை வலமாகக் கொண்டு செல்க என்பது அவன் தரும் விளிம்பு. சூலம் என்னும் உவமை ஈண்டு அழகுக்காக மட்டும் வந்ததன்று. தொலைவும் வளைவும் நீக்கி, பிரிவு மூன்று என்னும் ஒன்றை மட்டும் மனத்தில் நிறுத்தும் வரைபடம் அது.

இலண்டன் நிலத்தடி இருப்புப்பாதைக்கு ஆரி பெக் என்னும் மின்வரைஞர் 1931 இல் வரைந்து 1933 இல் வெளிவந்த படமும் இந்நெறியதே. பாதைகளைக் கிடைக்கோடு, நிலைக்கோடு, சாய்கோடு என்னும் மூன்றில் அடக்கி, உண்மைத் தொலைவைக் கைவிட்டு, தேம்சு ஆற்றை மட்டும் நிலத்தின் அடையாளமாக நிறுத்தினார் அவர். நிலத்தடியில் செல்வோன் வெளிநிலத்தைக் காணான். அவன் வேண்டுவது எங்கு ஏறி எங்கு மாறுவது என்பதே. ஆதலின் நீக்கியவை நீக்கத் தக்கனவாயின. கூத்தரோ நிலத்தின்மேல் நடப்பவர். அவர்க்கு மரமும் பாறையும் ஒலியும் வேண்டும். எதனை விடுதல், எதனைக் கூறுதல் என்பதனைச் செல்வோனது நிலையே முடிவு செய்யும். விரித்தலும் சுருக்கலும் தம்மளவில் குணமும் அல்ல, குற்றமும் அல்ல.

மறையோன் கூற்றில் ஒரு குறையும் உண்டு. இடப்புற வழியில் உள்ள திருமாலிருஞ்சோலையையும் அங்குள்ள மூன்று பொய்கைகளையும் அவற்றில் ஆடுவார் பெறும் பயன்களையும் அவன் விரிவாகப் போற்றுகின்றான். வழியறிய வந்தவனுக்குத் தன் சமய விருப்பத்தையும் சேர்த்து அளிக்கின்றான். கவுந்தியடிகள் அப்பயன்கள் வேண்டா என மறுத்தல் இளங்கோவடிகள் அமைத்த நுட்பமான திறனாய்வு எனலாம். அதே மறையோன் இடைவழியில் மயக்கும் தெய்வம் உண்டு என எச்சரித்ததோ உண்மையாகவே பயன்படுகின்றது. வழிகாட்டி தன் விருப்பத்தைக் கலந்த பகுதி தள்ளப்படவும், செல்வோன் தேவையை நோக்கிய பகுதி நிலைக்கவும் காண்கின்றோம். மலைபடுகடாத்துக் கூத்தன் இக்குற்றம் இலன்.

4. எழுத்தறியாரும் எழுத்தும்

எழுத்துடைக் கல்லை எத்துணைப் பேர் படிக்க வல்லர் என்னும் வினா எழும். இதற்கு விடையாக இடைக்காலத்துக் கல் ஒன்று தருமபுரிப் பகுதியிற் கிடைத்துள்ளது. அதியமான் பெருவழியில் நாவல்தாவளத்துக்கு 29 காதம் என அறிவிக்கும் அக்கல்லில், தொலைவு எண்ணெழுத்தாலும் குழிகளாலும் குறிக்கப்பட்டுள்ளது. பெரிய குழிகள் இரண்டும் பத்துகளையும், சிறிய குழிகள் ஒன்பதும் ஒன்றுகளையும் காட்டும். படிக்க அறிந்தவன் கண்ணால் அறிவான். அறியாதவன் விரலால் தடவி எண்ணுவான். ஊர்ப்பெயர் நான்காம் வேற்றுமை உருபு பெற்று நிற்றலும் கருதத் தக்கது. ஈது எவ்வூர் என்பதன்று, எவ்வூர்க்கு என்பதே வழிப்போக்கன் வினா.

இக்காலப் பலகைகளை இந்நோக்கில் ஆராயும் கடமை தமிழ்த் துறையினர்க்கும் உண்டு. பிரித்தானியச் சாலைக் குறிகளைச் சாக் கின்னீரும் மார்கரெட் கால்வெர்ட்டும் வகுத்தபோது (அவை 1965 இல் நடைமுறைக்கு வந்தன), விரைந்து செல்வோன் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டாமல் சொல்லின் முழுவடிவத்தையே காண்பான் எனக் கருதிப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்து அமைத்தனர். தமிழில் அவ்விருவகை இல்லை. நம் சொல்லுக்கு வடிவம் தருவன மேலெழும் இகர ஈகார வளைவுகளும் கீழிறங்கும் உகர ஊகாரக் கோடுகளும் ஆம். பலகையின் இடம் போதவில்லை என்று எழுத்தை நெருக்கி அவற்றைக் குறுக்கினால் சொல்லின் முகமே மறையும். எழுத்தளவில் தமிழ் உள்ளது. படிக்க இயலுமளவில் இல்லை என்னும் நிலை அப்போது நேரும். பெரிய மருத்துவமனையில் நோயாளியைத் தாங்கி நிற்கும் ஒருவனுக்கு அந்நிலை வெறும் அழகுக்குறை ஆகாது. நன்கொடையாளர் பெயர்க்கற்கள் நிறைந்த சுவரில் ஒரு சிறிய அம்புக்குறியைத் தேடுவோன், நடுகற்கள் நிறைந்த கவலையில் நின்ற புதியோனே ஆவான்.

முடிபு

மலைபடுகடாம் வழியை முதற்பொருளாகக் கொண்டது என்பதும், வழி கூறுவதில் செல்வோனது நிலை, செய்தியின் இடம், குறிகளின் வேறுபாடு ஆகிய மூன்றையும் அறிந்து நடப்பது என்பதும் மேற்கூறியவற்றால் பெறப்படும். புரவலன் புகழும் இதனால் குறைவதன்று. அறியாதார் நூறு இடர் கடந்து தன்னை வந்தடையுமாறு நாட்டின் கவர்த்த வழிகளில் எழுதிய கல் நிற்கின்றது என்பதே நன்னன் நாட்டிற்குப் பெரும்புகழ். புதியோன் ஒருவன் எவரையும் கேளாது தான் செல்லுமிடம் அறியக்கூடும் நாடு அவனை விருந்தினனாக ஏற்றுக்கொண்ட நாடாகும். ஆற்றுப்படையை இவ்வாறு ஆறு நோக்கிப் படித்தல் ஏனைய நான்கு நூல்களுக்கும் எவ்வளவில் பொருந்தும் என்பது தனித்து ஆராயற்பாலது.