கிரிஃபினுக்கு எலும்பு தேடலாமா?

சிங்கத்தின் உடம்பு, கழுகின் தலை, முதுகில் இறக்கை. வேலை: பொன்னைக் காவல் காப்பது. கிரேக்கர்கள் கிரிஃபின் என்று அழைத்த இந்த ஜந்து எங்கிருந்து வந்தது? அட்ரியென் மேயரின் 'தி ஃபர்ஸ்ட் ஃபாஸில் ஹன்டர்ஸ்' (2000) சொல்லும் பதில் சுவாரசியமானது: கோபி பாலைவனத்து மணலில் துருத்திக்கொண்டிருந்த புரோட்டோசெராடாப்ஸ் டைனோசரின் எலும்புக்கூட்டிலிருந்து! அலகு மாதிரி வாய், நாலு கால், பின்னந்தலையில் விரியும் எலும்புக் கவசம். பொன் தேடிப் போன சித்திய நாடோடிகள் அதைப் பார்த்தார்கள், கதை கைமாறி கிரேக்கம் வரை வந்தது. படித்ததும் 'அட, ஆமால்ல' என்று தோன்றிவிடும். கால் நூற்றாண்டாக ஆவணப்படங்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்கும் அந்த 'ஆமால்ல'தான் காரணம்.

எனக்கு அங்கேதான் உறுத்துகிறது. எங்கள் தொழிலில் இதற்கு ஓவர்ஃபிட்டிங் என்று பெயர். இருக்கிற புள்ளிகளைத் தொடும்படி கோட்டை வளைத்துக்கொண்டே போனால் அது எல்லாவற்றையும் தொடும். புதுசாக ஒரு புள்ளி வந்தால்தான் சாயம் வெளுக்கும். அலகு பொருந்துகிறது, சரி. இறக்கை? கவசம் உடைந்து அப்படித் தெரிந்திருக்கும். காது? அதுவும் அந்தக் கவசம்தான். ஒரே எலும்பு எத்தனை வேலைதான் பார்க்கும், பாவம்.

புதுப் புள்ளிகளும் வந்துவிட்டன. மார்க் விட்டன், ரிச்சர்ட் ஹிங் இருவரும் 2024-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்தக் கருதுகோளை நிதானமாகப் பிரித்துப் போட்டது. புரோட்டோசெராடாப்ஸ் கிடைக்கும் இடங்களுக்கும் பழங்காலப் பொன் சுரங்கங்களுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளி. அதைவிட முக்கியம், எகிப்திலும் பழைய ஈரானிலும் கிரிஃபின் போன்ற உருவங்கள் கி.மு. 3000-க்கு முன்பே வந்துவிட்டன. கிரேக்கர்களுக்குச் சித்தியர்கள் கதை சொல்வதற்கு ரெண்டாயிரம் வருஷத்துக்கும் முன்பு! பொன் காக்கும் கதைக்கு மட்டும்தான் விளக்கம், உருவத்துக்கு இல்லை என்று மேயர் தரப்பில் வாதாடலாம். ஆனால் அலகையும் காலையும் அவ்வளவு பாடுபட்டுப் பொருத்தியது உருவத்துக்காகத்தானே?

இதற்காக நூலைத் தூக்கிப் போட்டால் நஷ்டம் நமக்குத்தான். கிரிஃபினைத் தாண்டிவிட்டால் பிரமாதமான பக்கங்கள் காத்திருக்கின்றன. ஹெரடோட்டஸ் சொல்லும் டெகேயா கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கொல்லன் கிணறு தோண்டுகிறான். ஏழு முழ நீளத்தில் ஒரு பெட்டி, உள்ளே அதே நீளத்துக்கு எலும்பு. வீரன் ஒரெஸ்டெஸ்ஸின் எலும்பு அது என்று சொல்லி ஸ்பார்ட்டாக்காரர்கள் எடுத்துப் போகிறார்கள். அதன்பிறகு டெகேயாவுடன் நடந்த சண்டைகளில் எல்லாம் ஸ்பார்ட்டா பக்கமே வெற்றி என்கிறார் ஹெரடோட்டஸ். பனிக்காலத்துப் பெருவிலங்கு ஒன்றின் எலும்பாக இருக்கலாம் என்கிறார் மேயர். மண்ணுக்குள் கிடந்த ஏதோ ஒரு மிருகம் ரெண்டு ஊர்களின் அரசியலைத் தீர்மானித்திருக்கிறது. அகஸ்டஸ் பேரரசரும் காப்ரி தீவு மாளிகையில் 'அரக்கர் எலும்பு'களைச் சேர்த்து வைத்திருந்தார் என்று சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். இங்கெல்லாம் ஜாடைப் பொருத்தம் தேட வேண்டியதில்லை. எலும்பு கிடைத்தது என்று அந்தக் காலத்துக்காரர்களே சொல்கிறார்கள்.

இன்னொன்று. ஒற்றைக் கண் அரக்கன் சைக்ளோப்ஸ் குள்ள யானையின் மண்டையோட்டிலிருந்து வந்தவன் என்று 1914-இல் ஓதெனியோ ஆபெல் சொன்னார். நடுவிலுள்ள மூக்குத் துளையைக் கண்ணென்று நினைத்துவிட்டார்களாம். எம்பெடோக்ளிஸ் காலத்திலேயே இதைக் கவனித்துவிட்டார்கள் என்றும் சேர்த்துவிட்டார். மேயர் மூலநூல்களில் போய்த் தேடுகிறார். அப்படி ஒரு வரியே இல்லை. இந்தக் கறார்த்தனத்தில் பாதியைக் கிரிஃபினிடம் காட்டியிருக்கலாம்.

நமக்கு இதில் என்ன? யாளி நிஜமாகவே வாழ்ந்த விலங்கு என்று சாதிக்கும் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். புராணத்தில் விமானம் வந்தால் முன்னோர்கள் விமானம் ஓட்டினார்கள் என்பவர்கள் ஒரு பக்கம். அரக்கன் வந்தால் எலும்பைப் பார்த்து ஏமாந்திருப்பார்கள் என்பவர்கள் இன்னொரு பக்கம். ரெண்டு பேருக்கும் ஆகாத விஷயம் ஒன்றுதான்: சும்மா உட்கார்ந்து ஒருத்தன் கற்பனை செய்திருக்க முடியும் என்பது. சிங்கத்தையும் கழுகையும் பார்த்த சிற்பிக்கு ரெண்டையும் ஒட்டவைக்க டைனோசர் எதற்கு?

ஆனால் கல்லைப் பார்த்துக் கதை பிறப்பதே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் சுமார் ரெண்டு கோடி வருஷப் பழமையான கல்மரங்கள் கிடக்கின்றன. மரம் மண்ணுக்குள் புதைந்து, அதன் திசுக்களில் நீரோடு வந்த சிலிக்கா மெதுவாக நிறைந்து, வளையங்கள்கூட அழியாமல் கல்லானவை. ஊர்க்கதைப்படி அவை திருமாலால் கொல்லப்பட்ட வக்கிராசுரனின் எலும்புகள். அங்கே கதையும் கல்லும் ஒரே மண்ணில் இருக்கின்றன, இடையில் பாலைவனம் கிடையாது. மேயரின் முறை செல்லுபடியாவது இந்த மாதிரி இடங்களில்தான். அப்போதும் கல்மரம் அசுரனின் உடம்புக்குத்தான் பதில் சொல்லும். அவனுக்கு வக்கிரன் என்று ஏன் பெயர், அந்த ஊர்க் காளிக்கும் ஏன் அதே பெயர் என்று கேட்டால் நிலவியலாளரை விட்டுவிட்டுக் கோயிலுக்குள்தான் போக வேண்டும்.

நூலை வாங்குபவர்களுக்கு ஒரு யோசனை: கிரிஃபின் இருப்பது முதல் அத்தியாயம். அதைக் கடைசியில் படியுங்கள்.