ரக்னராக்: தெரிந்த கதையை ரெண்டாவது தடவை சொல்வது எப்படி?

‘காட் ஆஃப் வார் ரக்னராக்’ விளையாட்டைப் பற்றி விளையாடினவங்க யாரைக் கேட்டாலும் ரெண்டு விதமான பதில்தான் வருது. ஒன்று, “செம கேம்.” இன்னொன்று, “நல்லாத்தான் இருக்கு, ஆனா பழைய கேமையே திருப்பி வித்துட்டாங்க.” முதல் பதிலில் பேச அதிகம் இல்லை. ரெண்டாவது பதிலைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கணும்னு ரொம்ப நாளா யோசனை. புராணத்தை வைத்து விளையாட்டு செய்றவங்களிடம் நாம் எதை எதிர்பார்க்கணும் என்ற கேள்வி அதுக்குள்ள இருக்கு. கதையின் முடிவு வரை பேசப் போறேன். இன்னும் விளையாடாதவங்க விளையாடிட்டு வந்து படிக்கலாம்.

விளையாட்டுப் பழக்கம் இல்லாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. 2005ல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த முதல் ‘காட் ஆஃப் வார்’ கிரேக்கப் புராணத்தை எடுத்துக்கொண்டது. க்ராட்டோஸ் என்ற ஸ்பார்ட்டா வீரன், தன் மனைவியையும் மகளையும் தன் கையாலேயே கொல்ல வைத்த போர்க்கடவுள் ஏரிஸைப் பழிவாங்கும் கதை. 2007ல் இரண்டாம் பாகம், 2010ல் மூன்றாம் பாகம். மூன்றாவது முடியும்போது ஒலிம்பஸில் பெரிய கடவுள்கள் என்று சொல்ல அநேகமாக யாரும் மிச்சமில்லை. 2018ல் அதே க்ராட்டோஸ், வயதாகி, தாடி வளர்த்து, வடக்கு ஐரோப்பாவின் நார்ஸ் புராண உலகத்தில் அட்ரியஸ் என்ற மகனோடு வந்து நின்றான். இறந்த மனைவியின் சாம்பலை மலையுச்சிக்குக் கொண்டு போவதுதான் அந்த விளையாட்டு. அதன் நேரடித் தொடர்ச்சி, 2022 நவம்பர் 9 அன்று வந்த ரக்னராக். முதல் வாரத்திலேயே 51 லட்சம் பிரதிகள் விற்றது.

மதுரையில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து பிஎஸ் 2 விளையாடின தலைமுறைக்கு இந்தத் தொடர்ச்சி விஷயம் நல்லாவே தெரியும். இரண்டாம் பாகம் எப்படி முடியுது? டைட்டன்கள் ஒலிம்பஸ் மலைமேல் ஏறிக்கிட்டு இருக்காங்க, க்ராட்டோஸ் ஜீயஸைக் கூப்பிட்டுக் கத்துறான், திரை மூடுது. அடுத்த பாகம் பிஎஸ் 3க்குத்தான் வந்தது. அந்தப் பெட்டி வாங்க வசதி இல்லாத எத்தனையோ பசங்களுக்குக் கதை அந்த மலைச்சரிவிலேயே வருஷக்கணக்கில் நின்னு போச்சு. நம்ம ஊரில் அடுத்த பாகம் என்றால் முதலில் விலைதான் ஞாபகத்துக்கு வரும். ரக்னராக்கின் பிஎஸ் 5 பதிப்பு இங்கே 4,999 ரூபாய்க்கு வந்தது. ஐயாயிரம் கொடுத்தவன் “இதுல புதுசா என்ன இருக்கு?” என்று கேட்பதில் தப்பே கிடையாது.

சரி, புதுசா என்னதான் இருக்கு? அதே கோடாரி, அதே சங்கிலி வாள்கள், அதே குள்ளர் சகோதரர்களின் கடை, வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் ஓடுவது போன்ற அதே கேமரா. ஒரு ஈட்டி புதுசு. முன்பு ஒன்பது உலகங்களில் ஆறுக்குத்தான் போக முடிந்தது, இதில் ஒன்பதுக்கும் போகலாம். படகு விட்ட ஏரி இப்போது உறைஞ்சு கிடக்கு. பட்டியல் போட்டுப் பார்த்தால் “திருப்பி வித்துட்டாங்க” என்பவர் பக்கம் நியாயம் இருக்கிற மாதிரிதான் தெரியும்.

ஆனா இந்தப் பட்டியல் ஒரு விஷயத்தைத் தவறவிடுது. புராணக் கதை என்பதே திருப்பிச் சொல்றதுக்காக இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய ‘வள்ளி திருமணம்’ நூறு வருஷம் கடந்தும் மதுரையைச் சுற்றியிருக்கிற கிராமத் திருவிழாக்களில் ராத்திரி முழுக்க நடக்குது. உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் வள்ளியை முருகன் கட்டிக்குவார் என்று தெரியும். ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்கள் வெவ்வேறு ஊரிலிருந்து வந்து ஒத்திகை இல்லாமல் மேடையில் சந்திக்கிறாங்க. அதனால் கூட்டம் காத்திருப்பது வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்துக்கு. இன்னைக்கு இந்த வள்ளி என்ன கேட்பாள், அந்த நாரதர் எப்படி மடக்குவார்? தர்க்கம் சூடு பிடிக்கலைன்னா டீக்கடைப் பக்கம் எழுந்து போயிடுவாங்க. “போன வருஷமும் இதே கதைதானே” என்று சொல்லி யாரும் எழுந்து போறதில்லை.

அந்தக் கூட்டத்தின் அளவுகோலை ரக்னராக்குக்கு வைத்துப் பார்த்தால் வேற குறைகள் தெரியுது. ஆட்டக்காரர்களும் அதைச் சொல்லியிருக்காங்க, ஆனா சில்லறைப் புகார் மாதிரி, போகிற போக்கில்.

முதலாவது, கூட வர்றவங்க வாயை மூடுறதே இல்லை. ஒரு புதிர் அறைக்குள் நுழைஞ்சு சுத்திப் பார்க்கிறதுக்குள் அட்ரியஸோ, இடுப்பில் தொங்குகிற மிமிரின் தலையோ, ஃப்ரேயாவோ விடையைச் சொல்லிடறாங்க. “அந்தச் சக்கரத்தை உறைய வைத்தால் என்ன?” என்கிற ரகம். பரீட்சை ஹாலில் பக்கத்து பெஞ்சுப் பையன் கேட்காமலேயே விடையைச் சொன்னால் எப்படி இருக்கும்? தர்க்கத்தின் நடுவில் யாரோ எழுந்து “முருகன்தான் கிழவன் வேஷத்துல வருவாரு” என்று கத்துற மாதிரி. எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் அது கூட்டத்தின் மேல் நம்பிக்கை இல்லாத செயல். இந்தப் புகார் வீண் போகலை. 2024 செப்டம்பரில் கணினிப் பதிப்பு வந்தபோது இந்தக் குறிப்புகளைக் குறைத்துக்கொள்ளும் வசதியைச் சேர்த்தாங்க. கணினிப் பதிப்புக்கு வந்த பெரிய எதிர்ப்பு வேற விஷயத்துக்கு: தனியாள் விளையாட்டுக்கும் பிளேஸ்டேஷன் கணக்கு கட்டாயம் என்று வைத்திருந்தாங்க. அதையும் 2025ல் தளர்த்தினாங்க. ஆக, ஆட்டக்காரர் கருத்துக்கு வலு இருக்கு. அந்த வலுவை எதுக்குச் செலவழிக்கிறோம் என்பதுதான் பாக்கி.

இரண்டாவது, போர். ரக்னராக் என்றாலே நார்ஸ் கடவுள்களின் ஊழிக்காலப் போர். விளையாட்டு முழுக்க அதைச் சொல்லியே பயமுறுத்திட்டு, கடைசியில் அஸ்கார்ட் முற்றுகை ஓட்டமா ஓடி முடிஞ்சுடுது. அதுக்கு முன்னாடி அயர்ன்வுட் என்ற காட்டில் அட்ரியஸும் ஆங்க்ர்போதாவும் பழம் பறிக்கிற பகுதியில் எவ்வளவு நேரம் போச்சுன்னு யோசிச்சால் எரிச்சல் வரத்தான் செய்யும். காரணம் வெளிப்படையானது. ஒரு விளையாட்டு செய்யவே ஏறக்குறைய அஞ்சு வருஷம் ஆகுது, மூணு பாகம் என்றால் பதினைஞ்சு வருஷம் இழுத்துடும், அதனால் நார்ஸ் கதையை ரெண்டோட முடிச்சுக்கிறோம் என்று 2018 விளையாட்டின் இயக்குநர் கோரி பார்லாக்கே சொல்லியிருக்கார். ரக்னராக்கை இயக்கியவர் எரிக் வில்லியம்ஸ். அவர் கைக்கு வந்தது ரெண்டு பாகத்துக்கான சரக்கு, ஒரு பாகத்துக்கான இடம். கூட்டத்துக்கு எதுக்காகக் காத்திருக்கச் சொன்னாங்களோ, அதுக்கே நேரம் ஒதுக்கலை.

மூன்றாவது ஒரு கருத்து இருக்கு. விளையாட்டு வர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே, 2021 செப்டம்பரில் தோரின் உருவத்தை வெளியிட்டதும் கிளம்பியது. தொந்தி போட்ட தோரா? மார்வெல் படத்துக் கட்டுமஸ்தான உடம்பு எங்கே? இதைத் தமிழிலேயும் கேலி செய்தவங்க உண்டு. மீனாட்சி கோயிலுக்குள் போய் முக்குறுணி விநாயகரைப் பார்த்திருக்கிற ஊர்க்காரங்க கேட்கிற கேள்வியா இது? சதுர்த்திக்குப் பதினெட்டுப் படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை செய்து படைக்கிற சாமி அவர். பலத்துக்கும் வயித்துக்கும் சண்டை என்று நம்ம சிற்பிகள் நினைத்ததே இல்லை. விளையாட்டில் அந்த உடம்போடு, குடிகாரனா, அப்பன் ஓடினுக்குப் பயந்தவனா, மகன்களை இழந்தவனா வர்ற தோர்தான் கடைசியில் பலரும் மெச்சிய பாத்திரம் ஆனான்.

அந்தத் தோரின் முடிவிலும் கருத்து பிளவுபட்டது. க்ராட்டோஸ் அவனை அடித்து வீழ்த்தியபின் கொல்லாமல் நிறுத்துகிறான். நம்ம பிள்ளைகளுக்காக நாம மாறணும் என்கிறான். தோர் சுத்தியலைக் கீழே போட, ஓடின் வந்து சொந்த மகனைக் குத்துகிறான். “தோரைக் கொல்ல விடலையே” என்று ஏமாந்தவங்க நிறைய. எனக்கு அதுதான் இந்தத் தொடரின் உண்மையான தர்க்கம். பழைய விளையாட்டுகளில் பொத்தானை அழுத்தி அழுத்திக் கடவுள்களைக் கிழித்த அதே கையை இங்கே சும்மா இருக்கச் சொல்றாங்க. கதையும் கோடாரியும் பழசு, செய்கை மட்டும் புதுசு. வள்ளி நாடகக் கூட்டம் இதை உடனே பிடிச்சிருக்கும்.

இதுக்கு இன்னொரு சாட்சி 2023 டிசம்பர் 12 அன்று இலவசமாக வந்த ‘வல்ஹல்லா’ என்ற இணைப்பு. அதில் செத்தால் முதலிலிருந்து தொடங்கணும். அதே அறைகள், அதே எதிரிகள், திரும்பத் திரும்ப. “பழசையே கொடுத்துட்டாங்க” என்று எதையாவது சொல்லணும்னா இதைத்தான் சொல்லியிருக்கணும். ஆனா கொண்டாடினாங்க. இலவசம் என்பது ஒரு காரணம், மறுக்கலை. பெரிய காரணம், ஒவ்வொரு சுற்றிலும் க்ராட்டோஸ் தன் கிரேக்கக் காலப் பாவங்களை நேருக்கு நேர் பார்க்கிறான், கொஞ்சம் கொஞ்சமா ஒத்துக்கிறான். திரும்ப வருவதே கதையா ஆகுது. ஆட்டக்காரர்களுக்குத் திருப்பிச் சொல்றது பிடிக்காமல் இல்லை; திருப்பிச் சொல்லும்போது ஒன்றும் நகரலைன்னாதான் பிடிக்கலை.

இதெல்லாம் எங்கேயோ ஸ்காண்டிநேவியா கதை, நமக்கு என்ன என்று கேட்கலாம். நமக்கும் முறை வந்துக்கிட்டு இருக்கு. 2020ல் புனேயின் நாடிங் ஹெட்ஸ் நிறுவனம் ‘ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்’ கொண்டு வந்தது. அசுரர்கள் தூக்கிட்டுப் போன தம்பி கோலுவைத் தேடிப் போகும் சர்க்கஸ் பெண்ணின் கதை. துர்க்கையும் விஷ்ணுவும் பேசிக்கொண்டே அதைச் சொல்வார்கள். கோட்டைகளின் அழகைப் பாராட்டியவங்களே, நாலைஞ்சு மணி நேரத்தில் முடிஞ்சு முடிவு அந்தரத்தில் தொங்குதுன்னு வருத்தப்பட்டாங்க. இப்போது ‘ராஜி: கலியுகா’ என்ற தொடர்ச்சியை அறிவித்திருக்காங்க. நம்ம ஆட்டக்காரர்கள் அதை எதை வைத்து அளக்கப் போறாங்க?

ஒரு பக்கம், எத்தனை மணி நேரம், கிராபிக்ஸ் எப்படி, விலை என்ன என்ற கணக்கு. இன்னொரு பக்கம், சாமியை விளையாட்டுப் பொருள் ஆக்கலாமா என்ற கோபம். 2009ல் பிஎஸ் 2க்கு வந்த ‘ஹனுமான்: பாய் வாரியர்’ விளையாட்டுக்கும், பிறகு ‘ஸ்மைட்’ விளையாட்டில் காளியைச் சித்திரித்த விதத்துக்கும் எதிர்ப்பு வந்தது. ஜீயஸைக் கும்பிட இன்னைக்கு ஊர் ஊரா கூட்டம் இல்லை. காளிக்கு நம்ம தெருமுனையில் கோயில் இருக்கு. அதனால் அந்தக் கோபத்தைச் சிரித்துத் தள்ள முடியாது. ஆனா அதுக்குப் பயந்து சாமியைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து, சண்டையெல்லாம் பக்கத்து ஆள்களுக்கு என்று ஒதுக்கினால் வெறும் காலண்டர் படம்தான் மிஞ்சும்.

மதுரை அப்படிப் பயந்த ஊர் இல்லை. இங்கே சிவனின் செயல்களுக்குப் பெயரே திருவிளையாடல். பிட்டுக்கு மண் சுமக்க வந்த சாமி வேலை செய்யாமல் தூங்கினதுக்காகப் பாண்டியனிடம் பிரம்படி வாங்குகிறார், அதை ஆவணி மூலத் திருவிழாவில் வருஷா வருஷம் நடத்திக் காட்டுறோம். சித்திரைத் திருவிழாவில் எட்டாம் நாள் பட்டாபிஷேகம், ஒன்பதாம் நாள் திக்விஜயம், பத்தாம் நாள் திருக்கல்யாணம். அந்தத் திக்விஜயம் என்ன? தடாதகை என்ற அரசி திசைக் காவலர்களை ஒவ்வொருத்தரா ஜெயிச்சு, கயிலாயத்தின் வாசல் வரை படையோடு போறது. க்ராட்டோஸ் ஒலிம்பஸ் ஏறின அதே மாதிரி ஒரு படையெடுப்பு. ஆனா எதிரே சிவனைப் பார்த்த இடத்தில் சண்டை நிற்குது, அவள் தன்னை யாரென்று அறிகிறாள். க்ராட்டோஸ் அந்த இடத்துக்கு வர்றதுக்குப் பதினேழு வருஷமும் பல பாகங்களும் ஆச்சு. அந்தக் கதையை ஒருத்தர் விளையாட்டா செய்தால், கடைசிச் சண்டையில் என் கையில் இருக்கும் பொத்தான் என்ன செய்யும் என்பதுதான் நான் முதலில் பார்ப்பது.

அதனால் அடுத்து ஒரு புராண விளையாட்டு வரும்போது, “புதுசா என்ன?” என்பதோட இன்னும் மூணு கேள்வியைச் சேர்த்துக்கங்க. என்னை யோசிக்க விட்டதா? காத்திருக்கச் சொன்ன இடத்துக்கு நேரம் கொடுத்ததா? தெரிந்த கதைக்குள் என் கை தெரியாத ஒரு காரியம் செய்ததா? ரக்னராக் முதல் ரெண்டில் தடுமாறுது, மூணாவதில் நிமிர்ந்து நிற்குது. ‘கலியுகா’ வரும்போது இதே மூணையும் அதுக்கும் வைத்துப் பார்க்கலாம், சலுகை எதுவும் வேண்டாம்.