இடம் மாறினாலும் கணக்கு மாறாத தாள்

விழுப்புரம், திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களுக்கு மல்லாட்டையும் உளுந்தும் எள்ளும் மூட்டை மூட்டையாக வருகின்றன. ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு லாட் எண். மறைமுக ஏலத்தில் தனித்தனி விலை. இதை எக்செலில் ஏற்றினால் லாட் எண், பெயர், ஊர், எடை, விலை, தொகை என ஆறு பத்தி. செஞ்சிக்காரர்கள் ஒன்றாக வரட்டும் என்று ஊர்வாரியாக வரிசைப்படுத்தும்போது, அதாவது சார்ட் செய்யும்போதுதான், தாளைப் போட்டவரின் கைவண்ணம் தெரியும்.

எடையை விலையால் பெருக்கும் சூத்திரம் தன் வரிசைக்குள்ளேயே முடிவதால் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளும். மேல் வரிசையோடு கூட்டிக்கொண்டே போகும் தொடர்கூட்டல் அப்படியல்ல. முதல் வரிசையில் கூட்டுவதற்கு முந்தைய தொகை கிடையாது. தன் தொகையை மட்டும் எடுக்கும் சூத்திரம்தான் இருக்கும். அது ஒன்பதாம் வரிசைக்கு இறங்கினால் கூட்டல் அங்கே புதிதாகத் தொடங்கிவிடும். அதன் இடத்துக்கு ஏறி வந்த சூத்திரமோ தலைப்பு எழுத்தைக் கூட்டப் பார்த்துப் பிழை காட்டும். முதல் தொகையை டாலர் குறியால் பிடித்து நிறுத்தி, அங்கிருந்து தன் வரிசை வரை கூட்டச் சொல்வதே நேர்த்தியான வேலை.

பிழை காட்டினால் திருத்திவிடலாம். காட்டாமல் தவறுவதுதான் ஆபத்து. பட்டுவாடாத் தாள், ஏலத் தாளின் ஈ7 கட்டத்திலிருந்து விலையை எடுக்கிறது என்று கொள்வோம். சார்ட் செய்தபின் ஈ7-இல் வேறொருவரின் விலை இருக்கும். அதையே வாங்கிப் பணத்தைக் கணக்கிட்டுவிடும். டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்ஸ்டனும் 1979-இல் கொண்டுவந்த விசிகால்க் காலத்திலிருந்தே கட்டத்துக்கு முகவரி உண்டு. அங்கே குடியிருப்பது யார் என்று சூத்திரம் பார்ப்பதில்லை.

தேர்ந்தவர்கள் இடத்தைக் கேட்காமல் லாட் எண்ணைக் கேட்பார்கள். பெயரைக் கேட்டால் ஆகாது. ஓர் ஊரிலேயே நாலு முருகன் இருப்பார்கள். லாட் எண்ணும் மறுநாள் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்குமானால், தேதியையும் சேர்த்து ஒட்ட வேண்டும். லாட் எண்ணைத் தேடி விலையை எடுத்துத் தரும் வி-லுக்அப்பின் கடைசியில் ஃபால்ஸ் போட மறந்தால் அது ஏறுவரிசையை எதிர்பார்க்கும். ஊர்வாரித் தாளில் தப்பான விலையைத் தரக்கூடும். இடையில் ஒரு பத்தி நுழைந்தாலும் அதன் பத்தி எண்ணிக்கை பிசகும். அந்தப் பத்தித் தொல்லை இல்லாத இண்டெக்ஸ்–மேட்ச் ஜோடிதான் அழகு. புதிய எக்செலில் எக்ஸ்-லுக்அப்.

ஒரு பத்தியை மட்டும் தேர்ந்து சார்ட் செய்தால், பக்கத்துப் பத்திகளையும் சேர்க்கவா என்று எக்செல் கேட்கும். வேண்டாம் என்றால் பெயர் ஓரிடம், மூட்டை ஓரிடம்.

சோதனை எளிது. ஊர்வாரியாக, விலைவாரியாக, மறுபடி லாட் எண்வாரியாக சார்ட் செய்து பார்க்க வேண்டும். பட்டுவாடாத் தாளில் ஒவ்வொரு லாட்டின் தொகையும் மூன்று முறையும் அப்படியே இருந்தால் அந்தத் தாளை நம்பிக் காசு கொடுக்கலாம்.