உச்சிவெயிலுக்கு ஒரு வட்டக் கண்ணாடி

மலையைப் படம் பிடிக்கப் புறப்படுகிறவர்கள் காமிராவைத் தேர்வதில் காட்டும் சிரத்தையில் நூற்றில் ஒரு பங்கைக்கூட, லென்ஸின் முகப்பில் திருகிக்கொள்ளும் போலரைசர் ஃபில்டரின் விஷயத்தில் காட்டுவதில்லை என்பது என் நெடுநாளைய மனக்குறை. கோடை தொடங்கி மழைக்காலம் வரை போடிநாயக்கனூர் மலைகளில் நான் கையாண்டுவரும் 77 மி.மீ. ஃபில்டரின் பூச்சு, கனம் முதலிய விவரங்களைக் கடைக்காரரே சொல்லிவிடுவார்; ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை அது விழுங்கும் என்பதும் யாவரும் அறிந்ததே. அதை எந்த வேளையில், எந்தத் திசை நோக்கிப் பிரயோகிப்பது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

சூரியனுக்குச் செங்கோணமாக உள்ள ஆகாயத்தின் ஒளியே மிகுதியாகத் துருவமுற்றிருக்கும். சூரியனை முதுகுக்குப் பின்னே வைத்துப் பார்க்கும் திசையில் அக்குணம் அநேகமாக இராது. போடிக்கு மலை மேற்கே. ஆதலால், காலை வெயிலில் பாறை முகங்களெல்லாம் துலங்கும் வேளையில் ஊரிலிருந்து படமெடுப்பவர், வளையத்தை எத்தனை முறை சுழற்றினாலும் வானத்தில் மாறுதல் காணமாட்டார். பிற்பகலிலோ சூரியன் மலைக்குப் பின்னே இறங்க, சரிவு முழுவதும் நிழலில் ஆழ்ந்துவிடும். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியாவது ஏறி, மலைத்தொடரை அதன் நீளவாக்கில், வடக்கே குரங்கணிப் பக்கமோ தெற்கே தேவாரம் பக்கமோ நோக்கினால்தான் ஃபில்டரின் சக்தி விளங்கும்.

ஆயினும் நான் எதிர்பாராத ஆனந்தம் நடுப்பகலில் கிடைத்தது. உச்சிவெயிலை வெறுப்பது படக்காரர்களின் சம்பிரதாயம். ஆனால் சூரியன் தலைக்கு நேரே நிற்கையில் அடிவானம் முழுவதுமே அதற்குச் செங்கோணமாகிவிடுகிறது. போடி ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலும் இந்த நிலை அப்படியே வாய்க்கிறது. ஏப்ரலின் வெளிறிய தூசிப் புகைக்குள் ஃபில்டர் அதிகம் சாதிக்கவில்லை. ஆகஸ்டில், மழை கழுவிய காற்றில், தூரத்து மலைகளின் மேல் படிந்திருந்த நீலத்திரை விலகி, வரிசை வரிசையாக முகடுகள் கூர்மையுற்று எழுந்ததைக் கண்டபோது, இத்தனை காலம் நண்பகலில் காமிராவை மூடிவைக்கச் சொன்ன நூல்களின் மீது எனக்குக் கோபமே வந்தது.

ஈரப்பாறையிலும் மழை நனைத்த ஏலச்செடியின் நீண்ட இலையிலும் ஆகாயத்தின் பிரதிபிம்பம் வெள்ளையாகப் படிந்து பச்சையை மறைக்கும். வளையத்தைக் கால் சுற்றுத் திருப்பினால் அது அகன்று இலையின் சொந்த நிறம் வெளிப்படும். 1921இல் மத்தியதரைக் கடல் வழியே பிரயாணம் செய்த சி.வி. ராமன், நிகல் பட்டகத்தின் வழியாக நோக்கி அலைப்பரப்பின் மினுமினுப்பை நீக்கி, கடலின் நீலம் வானத்தின் வெறும் பிரதிபலிப்பன்று என நிச்சயித்ததும் இதே தத்துவத்தைக் கொண்டுதான். கம்ப்யூட்டர் மென்பொருள் எதுவும் இதைச் செய்யாது. பளபளப்பால் மறைந்த நிறம் படத்தில் பதிவாகவே இல்லையெனில் அதை எங்கிருந்து மீட்பது?

என் தீராத ஆத்திரம் லென்ஸ் ஹூடின் மீது. உச்சிவெயிலில் ஹூட் இல்லாமல் முடியாது. ஹூடை மாட்டினாலோ வளையத்தைத் திருப்ப விரல் எட்டாது. ஹூடின் அடியில் ஒரு சிறு ஜன்னல் வைத்தால் தீர்ந்துபோகும் இக்குறையைச் சில கம்பெனிகள் தீர்த்தும் இருக்கின்றன. விலையுயர்ந்த என் லென்ஸைச் செய்தவர்களுக்கு அது தோன்றவில்லை என்பது பொறுக்கத்தக்கதன்று. மேலும், மலையை மூடும் அடர்ந்த மேகத்தின் முன் இந்த ஃபில்டர் முற்றிலும் பயனற்றது. அப்போது கழற்றிவிடுவதே விவேகம். மிக அகன்ற கோண லென்ஸிலும் வானம் ஒருபுறம் கறுத்து ஒருபுறம் வெளுக்கும்.

இரண்டாவது லென்ஸ் வாங்கப் பணம் சேர்ப்பவர்கள் அதற்குமுன் நல்ல போலரைசர் ஒன்றை வாங்குங்கள். அலுமினிய வளையம் திருகில் இறுகிக்கொள்ளக் கூடுமாதலால் பித்தளை வளையமாகப் பார்த்து வாங்குவது உத்தமம்.