ஆற்றில் விட்ட ஏடுகளும் போட்டிக்கு வந்த கதைகளும்

அவென்யூ ரோடு பக்கம் ஒரு சந்தில் நாற்பது வருஷமாகத் தாளும் நோட்டுப் புத்தகமும் விற்று வருகிறேன். பள்ளி இறுதிக்கு மேல் படிப்பு இல்லை. தமிழ் படித்ததெல்லாம் கடை மூடிய பிறகுதான். ஆகவே பிழை இருந்தால் சான்றோர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் சொல்ல வந்த விஷயம் ஒரு வியாபாரிக்குப் பழக்கமானது: எடை போடுவது. எழுத்துப் போட்டிகளில் நாம் எப்படி எடை போடுகிறோம் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன்.

போட்டி என்றதும் நம்மவர்களுக்கு ஞாபகம் வருவது தருமிதான். 1965ல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் நாகேஷ் புலம்பிய புலம்பலை யார் மறப்பார்கள்? 'இது என் சொந்தப் படைப்பு' என்று இன்றைய விதிமுறைப்படி உறுதிமொழி கேட்டிருந்தால் தருமி வாசலோடு திரும்பியிருப்பார்! அது போகட்டும். நான் கவனிக்கச் சொல்வது நக்கீரரை. பாட்டில் என்ன குற்றம் என்று அவர் சபையறியச் சொன்னார். எதிரே நிற்பவர் யார் என்று தெரிந்த பிறகும் குற்றம் குற்றமே என்று நின்றார். தீர்ப்பும் காரணமும் சேர்ந்தே வந்தன.

இன்னொரு கதை நாலடியார் பிறந்த கதை. சமணக் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் பாட்டி சொல்லச் சின்ன வயதிலேயே கேட்டது. பஞ்சத்துக்குப் பாண்டிய நாடு வந்த எண்ணாயிரம் முனிவர்கள், பஞ்சம் தீர்ந்ததும் ஊர் திரும்ப நினைத்தார்கள். மன்னன் விடை கொடுக்கவில்லை. ஆளுக்கொரு வெண்பா எழுதி ஆசனத்தின் அடியில் வைத்துவிட்டு இரவோடு இரவாகப் போய்விட்டார்கள். மன்னன் கோபத்தில் ஏடுகளை வைகையில் எறியச் சொன்னான். நானூறு ஏடுகள் மட்டும் வெள்ளத்தை எதிர்த்து வந்தனவாம். அவற்றைப் பதுமனார் அதிகாரமாக வகுத்தார் என்பது மரபு. இதை யாரும் சரித்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இன்றைய போட்டிக்கு இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தெரியவில்லை. எந்த ஏட்டிலும் பெயர் இல்லை, எழுதியவர் யார் என்று ஆற்றுக்குத் தெரியாது. அதுவரைக்கும் நியாயம்தான். ஆனால் ஆறு காரணம் சொல்லவில்லை. "மீதி ஏழாயிரத்து அறுநூறு ஏடு என்ன ஆச்சு பாட்டி?" என்று கேட்டேன். "போனது போச்சுடா" என்றாள்.

நம் காலத்துக்கு வருவோம். போட்டிகளால் தமிழுக்கு நன்மையே இல்லை என்று சொன்னால் நன்றி கெட்ட பேச்சு. முசிறியில் பிறந்து, பதினைந்து வயதில் கல்யாணமாகி, அதிகம் பள்ளிப் படிப்பில்லாத ராஜம் கிருஷ்ணன் 1950ல் நியூயார்க் ஹெரால்ட் ட்ரிப்யூன் நடத்திய சர்வதேசச் சிறுகதைப் போட்டியில் பரிசு பெற்றார். 1953ல் 'கலைமகள்' பரிசு, 1958ல் 'ஆனந்த விகடன்' பரிசு. 'கல்கி'யின் வெள்ளி விழா நாவல் போட்டியில், 1966ல், முதல் பரிசு பெற்றது உமாசந்திரனின் 'முள்ளும் மலரும்'. 1978ல் மகேந்திரன் அதைப் படமாக்கியபோது, நம்ம பெங்களூரில் பஸ் கண்டக்டராக இருந்த ரஜினிகாந்த் காளியாக நடித்தார். ஜெயமோகனின் முதல் நாவல் 'ரப்பர்' அகிலன் நினைவு நாவல் போட்டியில் பரிசு பெற்று 1990ல் வெளிவந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ராஜம் கிருஷ்ணன் பரிசோடு நிற்கவில்லை. நீலகிரிப் படகர்களைப் பற்றிக் 'குறிஞ்சித்தேன்', தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிக் 'கரிப்பு மணிகள்' என்று களத்துக்கே போய் எழுதினார். பரிசு கதவைத் திறந்தது, உள்ளே நடந்தது அவருடைய கால்கள்.

நடுவர்கள் தவறுவதும் இன்று நேற்று வந்ததல்ல. பண்டைய ஏதென்ஸில் நாடகங்கள் போட்டியாகவே அரங்கேறின. கி.மு. 431ல் யூரிப்பிடிஸ் 'மீடியா' நாடகத்தோடு வந்தார். மூன்று பேர் கலந்துகொண்டதில் அவருக்கு மூன்றாம் இடம். அன்று முதல் பரிசு வாங்கியவரின் ஒரு நாடகம்கூட இன்று முழுசாகக் கிடைக்கவில்லை. 'மீடியா' இன்னும் மேடையேறுகிறது.

என் கதைக்கு வருகிறேன். 1985ல் ஒரு பத்திரிகைப் போட்டிக்குச் சிறுகதை அனுப்பினேன். தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுத வேண்டும் என்ற விதியில் தாள் வியாபாரியான எனக்கு மகிழ்ச்சிதான்! ஆனால் நான் செய்த தப்பு வேறு. முந்தின வருஷம் பரிசு வாங்கியது ஒரு வரதட்சிணைக் கதை, கடைசியில் மணப்பெண்ணின் கடிதம். நானும் ஸ்டவ் வெடிக்க வைத்து ஒரு கடிதத்தோடு முடித்தேன். ஜூன் மாசம் என் கடைக்கு வந்து, ஏழு நோட்டுக்குப் பதிலாக நான்கு போதும் என்று பிள்ளை காதில் விழாமல் மெல்லச் சொன்ன தகப்பனாரைப் பற்றி எழுதவில்லை. 'இதெல்லாம் ஒரு கதையா' என்று நினைத்தேன். பரிசு கிடைக்கவில்லை. கிடைக்காதது நியாயம். தபால் தலை ஒட்டிய உறை வைக்காததால் கதையும் திரும்பவில்லை.

இது பொதுவான நோய். போட்டிக் கதை என்று ஒரு சாதியே உருவாகிவிட்டது. எடுத்ததும் ஒரு சமூகப் பிரச்சினை, நடுவில் கண்ணீர், கடைசி வரியில் திருப்பம். ஐம்பது கதையை இரண்டு ராத்திரியில் படிக்கிற நடுவருக்கு அந்தக் கடைசி வரிதான் மனசில் நிற்கும் என்று எழுதுகிறவருக்குத் தெரிந்துவிட்டது.

நடுவர்கள் பக்கமும் நோய் உண்டு. அதற்கு நானே சாட்சி. சில வருஷங்களுக்கு முன் இங்கே ஓர் அமைப்பின் சிறுகதைப் போட்டிக்கு மூன்று நடுவர்களில் ஒருவனாக உட்கார்ந்தேன். பத்துக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டும். ஒரு கதை கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகும் ஒரு தாயைப் பற்றியது. அவள் மகள் ஊரிலிருக்கும் பாட்டிக்குக் கடிதம் எழுதுகிறாள். பேச்சு தமிழ், எழுத்து கன்னடம். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது என்று தெரிந்தும் தாய் அதைத் தபாலில் சேர்க்கிறாள். அவ்வளவுதான் கதை. பேச்சு முழுக்கக் கன்னடம் கலந்த தமிழ். பக்க வரம்புக்கு மேல் இரண்டு பக்கம். மற்ற இருவரும் ஒன்பதும் எட்டும் போட்டிருந்தார்கள். நான் மூன்று போட்டேன். மொத்தம் 20. மூன்று பேரும் ஏழு ஏழாகப் போட்ட இன்னொரு கதை 21 பெற்று முதல் பரிசு வாங்கியது. யாருக்கும் பிடிக்காமல் போகாத கதை, இரண்டு பேருக்கு மிகவும் பிடித்த கதையை வென்றுவிட்டது. கூட்டல் சரி. எடை தப்பு.

பரிசு வாங்கிய கதை ஒரு மாசத்தில் மறந்துபோயிற்று. மற்றது மறக்கவில்லை. இந்த ஊரில் எத்தனை தமிழ் வீட்டில் பிள்ளைகள் அப்படி எழுதுகிறார்கள்! என் பேரனே அப்படித்தான் எழுதுகிறான். மறுபடி படிக்கலாம் என்று அமைப்பில் கேட்டேன். "அந்தக் கட்டெல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போட்டாச்சுங்களே" என்றார்கள். பெயர் எழுதிய தனித்தாள்களும் அதோடு போய்விட்டன. தாள் விற்றே பிழைக்கும் எனக்கு அந்தத் தாள் கிலோ என்ன விலைக்குப் போயிருக்கும் என்றும் தெரியும்.

நான் ஏன் மூன்று போட்டேன் என்று அன்று யாரும் கேட்கவில்லை. எழுதித் தரச் சொல்லியிருந்தால், 'கன்னடம் கலந்துள்ளது, இரண்டு பக்கம் அதிகம்' என்று எழுதியிருப்பேன். எழுதிய கையே அதைப் படித்து வெட்கப்பட்டு அடித்திருக்கும்.

ஆகவே போட்டி நடத்தும் சங்கங்களுக்கு மூன்று விண்ணப்பம். கடைசிச் சுற்றுக்கு வரும் கதைகளுக்காவது நடுவர்கள் நான்கு வரி காரணம் எழுதித் தரட்டும். ஒருவர் மார்க் மற்ற இருவரிடமிருந்து ரொம்ப விலகினால் கூட்டாமல் உட்கார்ந்து பேசட்டும். வந்த படைப்புகளைப் பெயரோடு ஒரு வருஷமாவது பத்திரமாக வைக்கட்டும். சென்னையில் 1970ல் தொடங்கிய இலக்கியச் சிந்தனை, பத்திரிகைகளில் அச்சான கதைகளிலிருந்தே மாதம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. அச்சேறியவருக்கு அது சரி. இங்கே வீட்டு மேசையில் எழுதுகிறவருக்கு, முகம் தெரியாத முதல் வாசகர் போட்டி நடுவர்தான். அந்த வாசகர் காரணம் சொல்லாமல் போனால் அவர் அடுத்த கதை எழுதமாட்டார்.

எழுதும் தம்பி தங்கைகளுக்கு: போன வருஷப் பரிசுக் கதையைப் பார்த்து எழுதாதீர்கள். கடைசித் தேதி ஒன்று இருப்பதால் கதை முடிகிறதே, அதுதான் போட்டியில் நிச்சய லாபம். மற்றது நஷ்டமானாலும் முதல் போகவில்லை. ஆனால் நகல் எடுத்து வையுங்கள்.

கன்னட எழுத்தில் தமிழ்க் கடிதம் எழுதிய சிறுமியின் கதையை அனுப்பியவர் இந்த மலரைப் படிக்க நேர்ந்தால் சங்கத்தில் சொல்லி அனுப்பட்டும். நகல் இருந்தால் கொண்டு வரட்டும். இல்லையென்றால் மறுபடி எழுதட்டும், தாள் நான் தருகிறேன். இந்த முறை என் காரணத்தை எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தருவேன்.