யாருடைய ஜுரத்தை அளந்தோம்? : தெர்மாமீட்டரும் 'குறைப்பு' என்கிற சொல்லாடலும்

'சுற்றுச்சூழல் பாதிப்பைக் குறைத்தல்' என்கிற சொற்றொடர் மருத்துவக் கருவிகள் தயாரிக்கும் பெரிய கம்பெனிகளின் அறிக்கைகளில் இப்போது தவறாமல் இடம்பெறுகிறது. யாரும் எதிர்க்க முடியாத சொல். அப்படிப்பட்ட சொற்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். குறைப்பதென்றால் ஓர் அளவு வேண்டும். அளவென்றால் அளக்கிறவர் வேண்டும். எங்கிருந்து அளக்கத் தொடங்குவது, எந்த வாசலோடு நிறுத்திக்கொள்வது என்று தீர்மானிக்கிற அதிகாரம் வேண்டும். அந்த அதிகாரம் பற்றிப் பேசாமல் குறைப்பு பற்றிப் பேசுவது வெறும் கணக்குப்பிள்ளை வேலை.

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையை முன்வைத்து இதைப் பேசுகிறேன். 'அதான் எல்லாருக்கும் தெரிஞ்ச கதையாச்சே' என்று நண்பர்கள் சொல்லக்கூடும். தெரிந்த கதைதான். ஆனால் அதை ஒரு கெட்ட கம்பெனியின் கதையாகவே நாம் படித்துப் பழகியிருக்கிறோம். மருத்துவம் தன்னைச் சுத்தமாக வைத்துக்கொள்கிற முறையின் கதையாக அதைப் படிக்க முடியுமா என்பதே என் கேள்வி.

1

நவீன மருத்துவத்தின் பார்வை எப்படி உருவானது என்பதை 'மருத்துவமனையின் பிறப்பு' (1963) நூலில் ஃபூக்கோ விவரித்தார். நோயாளியின் உடல் வாசிக்கப்பட வேண்டிய ஒரு பிரதியாகிறது. தெர்மாமீட்டர் அப்படி வாசிக்கிற கருவிகளில் மிக எளிமையானது. ஒரு கண்ணாடிக் குழல், அதற்குள் ஒரு கிராமோ அதற்கும் குறைவாகவோ பாதரசம். நாக்குக்கு அடியில் வைத்தால் உடம்பின் சூட்டை எண்ணாக்கித் தருகிறது.

ஆனால் இந்தப் பார்வை ஒரு திசையில் மட்டுமே போகிறது. கருவி வழியாக நோயாளியைப் பார்க்கிறதே ஒழிய, கருவியின் பின்பக்கம் திரும்பி அதைச் செய்த உடலைப் பார்ப்பதில்லை. குழலில் பாதரசம் நிரப்பிய கைக்கு ஜுரம் வந்ததா, சிறுநீரகம் கெட்டதா, நடுக்கம் வந்ததா என்பது மருத்துவச் சொல்லாடலுக்குள் வருவதே இல்லை. அது 'தொழிற்சாலைப் பிரச்சினை', லேபர் ஆபீஸ் சமாச்சாரம். இத்தனைக்கும் பாதரசம் கொதிநிலைக்குப் போகாமலேயே, சாதாரண அறைச் சூட்டிலேயே ஆவியாகும். அந்த ஆவி நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும். இதைச் சொல்வதும் மருத்துவம்தான். தன் கருவியைச் செய்தவர்களிடம்தான் அது இதைச் சொல்லவில்லை.

ஆரோக்கியத்துக்காக இயங்கும் ஓர் அமைப்பும் ஒரு பொறியியல் ஆலோசனை நிறுவனமும் 2019-ல் ஒரு கணக்குப் போட்டன. உலகின் பசுமைக்குடில் வாயுக்களில் சுமார் 4.4 சதவீதம் மருத்துவத் துறையிலிருந்து வருகிறது என்றும், அதில் ஏறத்தாழ 71 சதவீதம் மருத்துவமனைக்குள் அல்ல, பொருள்களின் உற்பத்தியிலும் போக்குவரத்திலும் கழிவிலும் உண்டாகிறது என்றும் அது சொன்னது. அப்படியானால் 'பசுமை மருத்துவமனை' என்று கூரையில் சோலார் தகடு பதித்துக் காட்டுவது கணக்கின் சிறிய பகுதியைத்தான் தொடுகிறது. பெரிய பகுதி சுவருக்கு வெளியே, வேறு ஊரில், வேறு யாருடைய மூச்சிலோ இருக்கிறது.

2

நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் ஓடிக்கொண்டிருந்த தெர்மாமீட்டர் ஆலையை 1980களின் தொடக்கத்தில் செஸ்பரோ-பாண்ட்ஸ் நிறுவனம் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தது. பிறகு செஸ்பரோ-பாண்ட்ஸ் யூனிலீவரின் கைக்குப் போனது. 1998-ல் இந்தியப் பாண்ட்ஸ் ஹிந்துஸ்தான் லீவருடன் இணைக்கப்பட்டது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து மலையேறியது. செய்த தெர்மாமீட்டர்கள் பெரும்பாலும் மலையிறங்கி அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போயின. நம் ஊர் ஜுரத்தை அளக்க அல்ல. இங்கே தங்கியது உடைந்த கண்ணாடி, மண்ணில் இறங்கிய ரசம், காற்றில் போன ஆவி.

அதே 1998-ல் அமெரிக்க மருத்துவமனைச் சங்கமும் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2005-க்குள் மருத்துவமனைக் கழிவிலிருந்து பாதரசத்தை ஏறக்குறைய இல்லாமலாக்குவது என்பது அதன் இலக்கு. நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒப்பந்தம் எண்ணியது கழிவை. அங்கே உடைந்து குப்பையான தெர்மாமீட்டர் கணக்கில் வந்தது. இங்கே செய்யும்போதே உடைந்த தெர்மாமீட்டர் கணக்கில் வரவில்லை.

2001 மார்ச்சில் கொடைக்கானல் முஞ்சிக்கல்லில் ஒரு காயலான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த தெர்மாமீட்டர்கள் டன் கணக்கில் கிடந்ததை உள்ளூர் மக்களும் கிரீன்பீஸும் வெளிக்கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்கே அனுப்பப்பட்டது. மூன்றாம் உலகத்துக் குப்பை முதலாம் உலகத்துக்குத் திரும்பிப் போனது அபூர்வம், போராடியவர்களின் உண்மையான வெற்றி அது. ஆனால் மூட்டை கட்ட முடிந்ததுதான் போனது. ஆலைக்குக் கீழே பாம்பார் சோலை. அதன் தண்ணீர் கும்பக்கரை வழியாக வைகைப் படுகைக்கு இறங்குகிறது. கொடைக்கானல் ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருந்ததை ஹைதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வகத்தின் விஞ்ஞானிகள் 2006-ல் வெளியிட்டார்கள். ஏரியை மூட்டை கட்ட முடியாது. நுரையீரலையும் முடியாது.

மலையின் அடிவாரத்தில் பழனி. ரசத்தைக் கட்டுவது பற்றிச் சித்த மரபு எவ்வளவோ பேசியிருக்கிறது. அந்த மரபை மகிமைப்படுத்துவது என் நோக்கமல்ல. பாதரசம் ஆபத்தானது, அடக்க வேண்டியது என்கிற அறிவு இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்று மட்டும் சொல்கிறேன். பாதரசம் என்ன செய்யும் என்று தங்களுக்குச் சொல்லப்படவில்லை, போதிய பாதுகாப்பு தரப்படவில்லை என்று தொழிலாளர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பாதுகாப்பு இருந்தது, நோய்களுக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்பது கம்பெனியின் நிலைப்பாடு. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு ஏற்பட்டது. கொடுத்த பணத்துக்கு வைத்த பெயர் கருணைத்தொகை. இழப்பீடு என்றால் இழக்கவைத்தவர் ஒருவர் இருக்க வேண்டும். கருணை என்றால் கொடுப்பவர் மட்டும் இருந்தால் போதும்.

3

இனி மண்ணுக்கு வருவோம். ஆலை வளாகத்து மண்ணைச் சுத்தம் செய்ய ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்பது இங்கே ஏற்கப்பட்ட அளவு. யூனிலீவரின் தலைமையகம் இருக்கும் பிரிட்டனில், குடியிருப்பு நிலத்தில் தனிமப் பாதரசத்துக்கு 2009-ல் வெளியிடப்பட்ட வழிகாட்டு அளவு கிலோவுக்கு 1 மில்லிகிராம். இருபது மடங்கு என்று சூழல் இயக்கத்தினர் கேட்டார்கள். அந்த இடத்துக்கென்று தனியாக ஆபத்தை மதிப்பிட்டுத்தான் இந்த அளவுக்கு வந்தோம், இன்னும் கறாராகப் போனால் மரங்களை வெட்ட வேண்டும், மண் சரியும், சோலை கெடும் என்பது கம்பெனித் தரப்பு வாதம்.

இந்த வாதத்தை அப்படியே தள்ளிவிடக் கூடாது. மரத்தை வெட்டி மண்ணைத் தோண்டினால் சரிவில் அரிப்பு வரும் என்பது உண்மைதான். ஆனால் வாதம் வேலை செய்கிற விதத்தைப் பாருங்கள். கெடுக்கிறபோது குறுக்கே வராத சோலை, சரிசெய்கிறபோது குறுக்கே வருகிறது. இயற்கைமீதான அக்கறையே இயற்கைக்குச் செய்ய வேண்டிய கடனைத் தள்ளுபடி செய்யும் காரணமாகிறது. அறிவியல் இங்கே பொய் சொல்லவில்லை, எந்தக் கேள்வி அதனிடம் கேட்கப்பட வேண்டும் என்பதை வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். 20-க்கும் 1-க்கும் நடுவில் இருப்பது வேதியியல் மட்டுமல்ல.

4

எழுதுகிறவர்களுக்கும் இதில் பங்குண்டு. 'குணா' (1991) படமானபோது ஆலை ஓடிக்கொண்டிருந்தது. தமிழ் சினிமாவுக்குக் கொடைக்கானல் என்றால் மூடுபனி, குகை, காதல். வேலை செய்கிற ஜனம் அந்த நிலக்காட்சியில் இல்லை. நம் கதைகளிலும் தேடித்தான் பார்க்க வேண்டும். 2015-ல் சோஃபியா அஷ்ரஃபின் ராப் பாட்டு வந்து உலகம் திரும்பிப் பார்த்தது. பாட்டின் பலத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் 'ஒரு பாட்டு கம்பெனியைப் பணியவைத்தது' என்று கதையைச் சுருக்கும்போது, பதினைந்து வருஷம் மனு எழுதி, ஊர்வலம் போய், கோர்ட் படியேறிய தொழிலாளர்கள் மறுபடி காணாமல்போகிறார்கள். கம்பெனிக் கணக்கு எவரை விட்டதோ அவரையே நம் கொண்டாட்டமும் விட்டுவிடுகிறது.

5

சரி, பாதரசம்தான் போய்விட்டதே என்று கேட்கலாம். மினமாட்டா உடன்படிக்கை 2013-ல் ஏற்கப்பட்டு 2017-ல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018-ல் அதை உறுதிசெய்தது. பாதரசத் தெர்மாமீட்டரும் ரத்தக் கொதிப்புக் கருவியும் விடைபெற வேண்டியவை என்பது ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. அந்த இடத்துக்கு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வந்தது. பிளாஸ்டிக் உறை, சர்க்யூட், பொத்தான் பேட்டரி. பாதரசத்தைவிட நல்லதுதான், ஆயிரம் மடங்கு நல்லது. ஆனால் சர்க்யூட்டைப் பற்றவைத்தவர் யார், பேட்டரி தீர்ந்ததும் அது எந்தக் காயலான் கடைக்குப் போகிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இன்னொன்று. ஒருமுறை பயன்படுத்தி எறிகிற ஊசி, குழாய், வடிகுழல் போன்றவற்றில் பெரும் பகுதியை எத்திலீன் ஆக்ஸைடு வாயுவால்தான் கிருமிநீக்கம் செய்கிறார்கள். அமெரிக்காவில் கிருமிநீக்கப்பட்ட கருவிகளில் ஏறத்தாழ பாதி அப்படித்தான். அது புற்றுநோய் உண்டாக்கும் வாயு. இல்லினாய் மாநிலத்து வில்லோபுரூக்கில் அப்படியொரு ஆலை மக்கள் எதிர்ப்புக்குப் பிறகு 2019-ல் மூடப்பட்டது. 2024-ல் கடுமையான விதி வந்தது. 2025-ல் பல ஆலைகளுக்கு அதிலிருந்து இரண்டு வருட விலக்கும் வந்தது. நோயாளிக்குக் கிருமியில்லாத ஊசி வேண்டும், மறுப்பதற்கில்லை. அந்தச் சுத்தத்தின் விலையை ஆலையின் பக்கத்து வீட்டுக்காரர் தரவேண்டும் என்பதுதான் மறுக்க வேண்டியது.

ஆகவே குறைப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கணக்கை எங்கே தொடங்குவது என்று சண்டை போடச் சொல்கிறேன். தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வாங்குவதற்கென்றே 1994 முதல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது. ஊசியிலிருந்து பெரிய கருவிவரை அங்கே டெண்டர் போகிறது. தரமும் விலையும் கேட்கிற அந்தப் படிவத்தில் இன்னும் சில வரிகளைச் சேர்க்கச் சொல்லி நாம் ஏன் கேட்கக் கூடாது? இது எந்த ஊரில் செய்யப்பட்டது, செய்தவர்களுக்கு எந்த ரசாயனம் பற்றி எந்த மொழியில் சொல்லப்பட்டது, கழிவு எங்கே போகிறது, உபயோகம் முடிந்த கருவியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பொறுப்பு யாருடையது? பெரிய புரட்சி ஒன்றுமில்லை, நாலு வரிதான். ஆனால் அந்த நாலு வரிக்குப் பதில் எழுத வேண்டுமானால் கம்பெனி ஆலைக்குள் போய்த் தொழிலாளியைப் பார்த்தே ஆகவேண்டும். தொழிற்சங்கத் தோழர்களும் மருத்துவத் துறை நண்பர்களும் இதைத் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்பார்களா என்பதை அவர்களிடமே கேட்கிறேன்.