நாடகாசிரியனுக்கு யார் துணை?

புதுவைக் கருவடிக்குப்பத்திலே தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் அடங்கியிருக்கிறார்கள். 1867இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த அவர்கள், 1922 நவம்பர் 13ஆம் நாள் இவ்வூரிலேயே கண்மூடினார்கள். தமிழ் நாடகத் தலைமையாசிரியரின் உடலைப் பெற்ற ஊருக்கு, அவர்கள் செய்த தொழிலின் பேரிலும் ஒரு கடமை உண்டன்றோ?

சுவாமிகள் எழுதிய முறையை முதலில் நோக்குவோம். யார் நடிப்பார் என்றறியாமல் தனியறையில் அமர்ந்து எழுதியவரல்லர் அவர். 1918இல் மதுரையில் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையின் சிறுவர்களுக்கு அவரே வாத்தியார். எவன் குரல் எவ்வளவு ஏறும், எவன் வசனத்தை விழுங்குவான் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. 'அபிமன்யு சுந்தரி' முழுவதையும் ஓரிரவிலே எழுதி முடித்தாரென்று, அச்சபையில் சிறுவராய் வளர்ந்த தி.க. சண்முகம் பின்னாளில் வியந்து எழுதியிருக்கிறார். ஓரிரவில் எழுத முடிந்தது மேதைமையால் மட்டுமன்று. மறுநாள் அதைக் கையிலேந்தக் காத்திருந்த பிள்ளைகள் இருந்தமையாலும் ஆகும் என்பது நம் துணிபு.

இதை நாம் சிறு அளவில் கண்டதுண்டு. மதரஸா ஆண்டு விழாவுக்கென ஓர் உரையாடல் எழுதித் தந்தோம். இலக்கணச் சுத்தமான நீண்ட வாக்கியமொன்றைச் சொல்ல மாட்டாமல், ஒரு பையன் அதைப் பாதியில் வெட்டிப் பேசினான். சபை கலகலத்தது. வீட்டுக்குப் போய் நம் பிரதியைத் திருத்திக் கொண்டோம். முப்பதாண்டு படித்த தமிழுக்கு அன்று ஒரு பாடம்!

இனிப் பாவேந்தருக்கு வருவோம். சுயமரியாதை இயக்கத்துக்கு மேடை தேவைப்பட்ட காலத்தில் பிறந்தது அவருடைய 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்'; 1934இலேயே அது சென்னையில் நடிக்கப்பட்டுவிட்டது. புதுவை மண்ணின் அந்தக் கவிஞருக்குச் சாகித்திய அகாதெமி 1969இல் விருதளித்தது எந்நூலுக்கு? கவிதைக்கன்று, 'பிசிராந்தையார்' என்னும் நாடகத்துக்கு. அவர் மறைந்து ஐந்தாண்டு கழிந்திருந்தது. பரிசு பெற்ற அந்நாடகத்தை நம்மில் பலர் பாடநூலாகவே அறிவோம், மேடையில் கண்டோமில்லை. காணாமலே நட்புப் பூண்ட புலவரின் கதையை நாமும் காணாமலே போற்றுகிறோம்!

அரபு நாட்டிலும் இவ்வாறு நேர்ந்ததுண்டு. திருக்குர்ஆன் கூறும் குகைவாசிகளின் வரலாற்றைத் தழுவி எகிப்தின் தவ்ஃபீக்குல் ஹகீம் 1933இல் 'அஹ்லுல் கஹ்ஃப்' எழுதினார். 1935இல் கெய்ரோவின் தேசிய நாடகக் குழு அதைக் கொண்டே தன் அரங்கைத் தொடங்கியது. படிக்க இனித்தது மேடையில் கனத்தது. அவரோ பின்னாளில் தம் நாடகங்களை மனத்தினுள் நடப்பவை என்றே கூறிக்கொண்டார். நல்ல எழுத்தாளர், ஆயினும் நடிகனோடு பழகி எழுதியிருந்தால் இச்சமாதானம் தேவைப்பட்டிராது.

புதுவைப் பல்கலைக்கழகத்தில் சுவாமிகள் பெயராலேயே நிகழ்கலைப் பள்ளி எழுந்தது பெரும் பேறு. அதன் தொடக்கத்தில் பொறுப்பேற்ற இந்திரா பார்த்தசாரதி நாடகாசிரியர். அவருடைய 'ஔரங்கசீப்'பை நம் வீடுகளிலும் படிக்கலாம். மன்னரைத் தூற்றாமலும் துதிக்காமலும் அவரது தனிமையைக் காட்டும் நாடகம் அது. பின்னர் அப்பள்ளியில் பணியாற்றி 2016இல் மறைந்த கே.ஏ. குணசேகரன் 'பலி ஆடுகள்' தந்தார். ஆசிரியர்களே எழுத்தாளர்களாக வாய்த்தது அப்பள்ளியின் நல்வாய்ப்பு. ஆனால் ஓர் ஆசிரியர் போனால் எழுத்தும் உடன் போய்விடாதபடி ஏற்பாடு வேண்டாமா?

இன்றைய புதுவையில் அரங்கத்துக்குப் பஞ்சமில்லை. 2007இல் தோன்றிய இந்தியாநோஸ்ட்ரம் குழுவும், நகருக்கு வெளியே வீணாபாணி சாவ்லா வளர்த்த ஆதிசக்தியும் நடிகரின் உடலையே பிரதியாக்கும் நெறியின. பிரெஞ்சு நாட்டு அரியான் முனூஷ்கின் தம் குழுவோடு புதுவையில் தங்கிச் சென்று, 2016இல் பாரிசில் அரங்கேற்றிய நாடகத்தில் புரிசைத் தெருக்கூத்தும் இடம்பெற்றது. இந்திய நகரொன்றில், இயக்குநர் விட்டுப்போக, என்ன நாடகம் போடுவதென்று தெரியாமல் தவிக்கும் ஒரு குழுவின் கதை அது. அந்தத் தவிப்பு வேடிக்கையன்று. எழுதுபவனைக் கைவிட்ட எந்த ஊருக்கும் வரக்கூடியதே.

கூட்டுப் படைப்பை நாம் இகழவில்லை. அது பார்த்தவர் கண்ணில் நிற்கும். ஆனால் குழு கலைந்தபின், வேறோர் ஊர்ப் பிள்ளைகள் எடுத்து நடிக்க என்ன மிஞ்சும்? சுவாமிகளின் நாடகங்களைத் தென்பாண்டித் திருவிழாக்களில் இன்றும் நடிக்கிறார்களென்றால், எழுத்தில் நின்றதே காரணம். எழுத்து அச்சேறாவிட்டால், எழுதியவன் ஒருமுறை கைதட்டல் வாங்கிக்கொண்டு உத்தியோகம் தேடிப் போவான்.

விருதைவிட அவனுக்குத் தேவையானது, அரைகுறைப் பிரதியைப் பத்து நடிகர் வட்டமாக அமர்ந்து உரக்கப் படிக்க, அவன் வாய்மூடிக் கேட்டிருக்கும் ஒரு மாலைப்பொழுது. திருத்தி எழுத ஆறு மாத அவகாசமும், முதல் மேடையில் சறுக்கினாலும் இரண்டாம் மேடை உண்டென்னும் உறுதியும் அதனோடு வேண்டும். நவம்பர் 13இல் கருவடிக்குப்பத்தில் மாலை சாத்தும் கலைஞர்கள், அன்று மாலையே அங்கு ஒரு புதுப் பிரதியைப் படித்துப் பார்க்கட்டும். பாய் விரிக்க நாமும் வருகிறோம்.